உன் பெயரை நீயே சொன்னதற்காக

ஸ்டெல்லா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை அச்சகத்துக்கே வந்துவிட்டது. வீடு பூட்டியிருந்ததால் தபால்காரர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வரும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். விரல் முழுக்க மை. புடவைத் தலைப்பில் படாமல் துடைத்துக்கொண்டு பிரித்தேன். ஓசூரில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தாய், ஹாஸ்டல் சாப்பாடு பரவாயில்லை என்று எழுதியிருந்தாய், எல்லாம் சரி. கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, "அன்னைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் அம்மா, என்னால் உனக்கும் அப்பாவுக்கும் தலைகுனிவு" என்று, அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. அன்று முழுக்க ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு ஈய எழுத்துக் கோத்தேன். எழுத்துக்கு எழுத்து தப்பு. முதலாளி இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தார். அவரிடம் என்ன சொல்வது? என் மகளைத் தலைகுனிய வைத்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள், அவள் உட்கார்ந்து மன்னிப்புக் கடிதம் எழுதுகிறாள் என்றா?

அந்த ஞாயிறு நடந்ததை நானே ஒருமுறை வரிசையாக எழுதிவிடுகிறேன். நீ அதை உன் மனதுக்குள் வேறு மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டு கிடக்கிறாய் போலிருக்கிறது. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் உன்னைப் பெண் பார்க்க அவர்கள் நம் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன், அவனுடைய அம்மா, அண்ணன், அண்ணி, கூடவே தரகர். பையன் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் அந்த அண்ணன்தான். பொண்ணு என்ன பண்ணுது என்று கேட்டார். உன் அத்தை முந்திக்கொண்டு, ஏதோ கம்பெனியில் இருக்கிறாள், கல்யாணம் ஆனால் விட்டுவிடுவாள் என்றாள். நீ காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பார்த்துச் சொன்னாய். "நான் ஃபிட்டருங்க. எங்க செக்ஷன்ல மெஷின் நின்னுச்சுன்னா முதல்ல என்னைத்தான் கூப்புடுவாங்க." அவ்வளவுதான் நீ பேசியது. அதில் ஒரு சொல் கூடுதலா? ஒரு சொல் பொய்யா? அதற்கு அந்த மனிதர் சிரித்துக்கொண்டே தரகரைப் பார்த்து, "என்னங்க, பொண்ணு தன்னைத் தானே வெல போட்டு வித்துக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். என் வீட்டில், என் பாயில் உட்கார்ந்து, என் காபியைக் குடித்துக்கொண்டு ஒருவர் என் பெண்ணைப் பார்த்து அப்படிச் சொன்னார்.

இந்தச் சிரிப்பு எனக்குப் புதிது இல்லை, ஸ்டெல்லா. உனக்கும் புதிது இல்லை. நீ ஒன்பதாம் வகுப்பு படித்தபோதே இதைக் கேட்டுவிட்டாய். அந்த வருஷம் நடந்தது உனக்குப் பாதி ஞாபகம் இருக்கும். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தபோது நான் எங்கெங்கோ போய் யார் யாரிடமோ பேசியது உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

சத்துணவு ஆரம்பித்த வருஷம் அது. சுற்று ஊர்களிலிருந்து பிள்ளைகள் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் வருவார்கள். வழியெல்லாம் வேலமுள். தினம் யாருக்காவது பஞ்சர். பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரே ஒரு சைக்கிள் கடை. அந்தக் கடைக்காரர் பெரிய ஆட்களின் வண்டியை முடித்துவிட்டுத்தான் பிள்ளைகள் வண்டியைத் தொடுவார். தொட்டாலும் அடுத்த நாளே காற்று இறங்கும். திரும்பக் கொண்டுபோனால், "முள்ளு மேல ஓட்டிட்டு வந்து என்னைக் கேக்கறியா" என்று விரட்டுவார். லேட்டாக வந்த பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டு நிற்பார்கள். நீ முழுப் பரீட்சை லீவில் தருமபுரியில் உன் மாமாவின் வாடகை சைக்கிள் கடையில் போய்க் கிடந்து வேலை கற்றுக்கொண்டு வந்திருந்தாய். ஒருநாள் மதியம் உன் வகுப்புப் பெண் ஒருத்தியின் அண்ணன் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டிக் கொடுத்தாய். நன்றாக ஓடியது. ஆனால் அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. பொம்பளைப் பிள்ளை ஒட்டுகிற பஞ்சர் நிற்குமா என்று பசங்கள் கேட்டார்களாம். நீ ராத்திரி சாப்பிடும்போது சொன்னாய், வேலை தெரிந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது அம்மா, தெரியும் என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது என்று. யார் சொல்வார்கள் என்று நான் கேட்டேன். "நான்தான் சொல்லணும். வேற யாருக்குத் தெரியும்?" என்றாய்.

அடுத்த நாள் அச்சகத்துக்கு வந்து எனக்கு நோட்டீஸ் போட்டுக் கொடு என்று நின்றாய். முதலாளியைக் கேட்டேன். கத்தரித்துத் தள்ளிய காகிதத் துண்டில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார், நல்ல மனிதர். நான் வழக்கமாக எல்லோருக்கும் கோப்பது போல, "இவ்விடம் சைக்கிள் பழுது பார்க்கப்படும்" என்று கோத்தேன். நீ பார்த்துவிட்டு, என் பெயர் எங்கே என்றாய். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் பெயர் எதற்கு என்றேன். அப்போது நீ சொன்ன பதிலை நான் இன்றுவரை மறக்கவில்லை. "பேரு போடலைன்னா மறுபடி காத்து எறங்குனா யாருகிட்டம்மா வந்து சண்ட போடுவாங்க?"

அதனால் முதல் வரியில் ஸ்டெல்லா, ஒன்பதாம் வகுப்பு என்று வந்தது. அடுத்த வரியில் பஞ்சர், பிரேக், செயின். மதிய இடைவேளையில், சைக்கிள் நிறுத்தும் இடத்தில். கடைசி வரியை நீயே சொல்லச் சொல்லக் கோத்தேன். மறுபடி காற்று இறங்கினால் மறுபடி பார்த்துத் தரப்படும். கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டுமே என்று வீல் கோட்டம் எடுக்கப்படும் என்றும் சேர்க்கலாமா என்று நான் கேட்டேன். எனக்கு அது இன்னும் சரியாக வராது, போடாதே என்றாய். இதையும் அந்த மாப்பிள்ளையின் அண்ணன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிற பிள்ளை, தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மறுத்தது.

பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். முதலில் நோட்டீஸைக் காட்டிக் கேலி செய்ய வந்தார்கள், பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பசங்கள் ஒருவருக்கொருவர், "ஸ்டெல்லாகிட்ட குடுத்துரு" என்று சொல்வது நம் தெருவிலேயே என் காதில் விழுந்தது. காலைப் பிரேயரில் செய்தி வாசிக்கிற முறை உனக்கு வந்தது. செய்தியெல்லாம் வாசித்து முடித்துவிட்டு, பள்ளிக்கூடமே வரிசையாக நின்றுகொண்டிருக்க, என் பெயர் ஸ்டெல்லா, பஞ்சருக்கு இனி யாரும் முட்டி போட வேண்டாம், மதியம் என்னிடம் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டாய். பிள்ளைகள் கைதட்டினார்களாம். அன்று மதியமே எனக்கு ஆள் வந்தது, தலைமையாசிரியர் கூப்பிடுகிறார் என்று.

போனேன். அவர் அறையில் அந்த சைக்கிள் கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெற்றோர் சங்கத்தில் அவருக்கு ஒரு பதவி. என்னை உட்காரச் சொல்லவில்லை. மேஜையில் உன் நோட்டீஸ் ஒன்று கசங்கிக் கிடந்தது. தலைமையாசிரியர் அதைத் தொடாமலே பேசினார். "பொம்பளப் புள்ள பேரை அச்சடிச்சு ஊருக்கெல்லாம் குடுத்திருக்கீங்க. நாளைக்கு நாலு பேரு நாலு விதமா சொன்னா யாரு பதில் சொல்றது?"

"அது செஞ்ச வேலைக்குத்தாங்க சார் அது பேரைப் போட்டிருக்குது. கேட்டா அதுவே பதில் சொல்லும்" என்றேன்.

அவர் எனக்காக இரக்கப்படுவது போலப் பார்த்தார். தன்னைத் தானே சொல்லிக்கொள்வது நல்ல பிள்ளைக்கு அழகில்லை என்றார். வேலை நன்றாக இருந்தால் நாலு பேர் தானாகச் சொல்வார்கள் என்றார். கடைக்காரர் தலையாட்டினார். அந்த நாலு பேர் யார், ஸ்டெல்லா? நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த நாலு பேரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பழி சொல்ல மட்டும் அவர்கள் தவறாமல் வந்துவிடுகிறார்கள். உன் அப்பா ஆழ்குழாய்க் கிணறு போடும் போர்வெல் வண்டியில் கர்நாடகா முழுக்கச் சுற்றி எத்தனை ஊருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்கிறார், எந்த நாலு பேர் வந்து அவர் பெயரைச் சொன்னார்கள்? அச்சகத்தில் நான் தவறில்லாமல் கோத்துக் கொடுத்த பத்திரிகைகளில் எதிலாவது கோத்தவள் பெயர் வந்திருக்கிறதா? அந்த அறையில் நிற்கும்போது எனக்கு இன்னொன்றும் தெரியும். அதே வாரம்தான் அந்தப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழா அழைப்பிதழை என் கையால் கோத்திருந்தேன். தலைமையாசிரியர் பெயர் பட்டத்தோடு தடித்த எழுத்தில். இன்னும் கொஞ்சம் பெரிதாக வராதா என்று ஆள் விட்டுக் கேட்டிருந்தார். கடைக்காரர் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பீரோ கொடுத்திருந்தார், அதற்காக அவர் பெயர் முன்னாலும் பின்னாலும் இருந்தது. போட்டோவும் போட முடியுமா என்று அவரே வந்து கேட்டார். அவர்கள் பெயருக்குச் சுவரொட்டிக்குப் போடுகிற பெரிய மரக்கட்டை எழுத்து வேண்டும். என் மகள் பெயர் கடுகளவு ஈய எழுத்தில் வந்ததும் ஒழுக்கம் கெட்டுவிட்டது.

அதை அங்கேயே சொன்னேன். ஆமாம், சொன்னேன். "உங்க பேரைப் பெருசு பண்ணச் சொல்லி ஆள் அனுப்பிச்சீங்களே சார், அது யாருக்கு அழகுங்க?" என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. இனி பள்ளிக்கூட வளாகத்துக்குள் பம்பு, டியூப் எதையும் பார்த்தால் சீட்டைக் கிழித்துவிடுவேன், கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். நான் வெளியே வந்தபோது நீ மரத்தடியில் கைக் கறையோடு நின்றிருந்தாய். உன்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. எவனோ ஒரு பையன் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரில் உன் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு அசிங்கமும் எழுதி, படமும் போட்டுவிட்டான். எழுதியவனைத் தேடவில்லை. தலைமையாசிரியர் உன்னைக் கூப்பிட்டு, பெயரை ஊரெல்லாம் கொடுத்தால் இப்படித்தான் வரும், நீயே போய் அழி என்று ஒரு வாளித் தண்ணீரையும் துணியையும் கொடுத்தார். பள்ளிக்கூடம் விடுகிற நேரம், எல்லோரும் பார்த்துக்கொண்டு போக, நீ அழித்தாய். யாரோ ஓடிவந்து என்னிடம் சொன்னார்கள். வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அசிங்கமெல்லாம் சுத்தமாகப் போயிருந்தது. உன் பெயரை மட்டும் நீ அழிக்கவில்லை. அதற்குக் கீழே கரித்துண்டால், நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது போல அழகாக, பஞ்சர், பிரேக், செயின் என்று எழுதிக்கொண்டிருந்தாய். முகம் முழுக்கக் கண்ணீர். ஸ்டெல்லா, அந்தப் பெண்ணா இன்று எனக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று எழுதுகிறாள்?

உன்னைக் கொஞ்ச நாள் வகுப்புக்கு வராதே என்றார்கள். பங்குச் சாமியார் போய்ப் பேசித்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், வளாகத்துக்குள் வேலை செய்யக் கூடாது என்ற கட்டளையோடு. சரி என்றாய். அச்சகத்துப் பக்கவாட்டில் கொஞ்சம் இடம் கேட்டேன், முதலாளி கொடுத்தார். பள்ளி விட்டதும் பிள்ளைகள் வண்டியைத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார்கள். உள்ளே நான் எழுத்துக் கோப்பேன், வெளியே நீ டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பாய்.

ஒருநாள் அந்த சைக்கிள் கடைக்காரர் அச்சகத்துக்கு வந்தார். நோட்டீஸ் போட வேண்டும் என்றார். அவர் எழுதிக் கொண்டுவந்திருந்ததை முதலாளி என்னிடம் கொடுத்தார். பிரித்துப் படித்தேன். மேலே அவர் பெயர், இத்தனை பெரிதாக. கீழே, மறுபடி காற்று இறங்கினால் மறுபடி பார்த்துத் தரப்படும். உன் வரி. ஒரு எழுத்து மாறவில்லை. வேண்டுமென்றே என் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நீ வெளியே வேலையாக இருந்தாய். நான் அதைக் கோத்தேன். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள் முடியாது என்று சொல்ல முடியாது. நீ சொன்னபோது அது அடக்கமில்லாத பேச்சு. அவர் சொன்னபோது அது வியாபாரம். ஒரு தலைமையாசிரியரும் அவரைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேள்வி கேட்கவில்லை.

உன்னிடம் காட்டினேன். நீ கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாய். அழுவாய் என்று நினைத்தேன். "சொன்ன மாதிரி செய்வாராம்மா?" என்று மட்டும் கேட்டாய். செய்யவில்லை. நோட்டீஸை நம்பிப் போன பிள்ளைகள் காற்று இறங்கி, அதே நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பப் போனபோது, பழைய மாதிரியே விரட்டினார். ஒரு பையன் அந்தத் தாளைக் கடை வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டு உன்னிடம் வந்தான். நீ அவனிடம் கடைக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, டயருக்குள் விரலை விட்டு, அவர் எடுக்காமல் விட்ட முள்ளை எடுத்தாய். பத்தாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் உன் இடத்தில் வண்டி நிற்காத நாள் இல்லை. நீ ஒட்டியதிலும் சில தடவை காற்று இறங்கியது. நேராக வந்து உன் பெயரைச் சொல்லிச் சண்டை போட்டார்கள். வாங்கி, முகம் சுளிக்காமல் மறுபடி ஒட்டிக் கொடுத்தாய்.

ஐ.டி.ஐ.யில் சேரப் போனபோதும் பெண்ணுக்கு எதற்கு ஃபிட்டர் என்றுதான் கேட்டார்கள். நீயே சொன்னாய் உனக்கு என்ன தெரியும் என்று. ஓசூரில் வேலைக்கு எடுத்தவர்களிடமும் நீயேதான் சொன்னாய். கூட வந்த உன் அப்பா கம்பெனி கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். நாலு பேர் யாரும் வரவில்லை.

நாம் செய்கிற வேலையைச் சொல்வது திமிர் என்றால், அதைச் சொல்லாமல் மறைத்துக்கொண்டு அடுத்தவர் எடுத்துச் சொல்லக் காத்திருப்பதற்கு என்ன பெயர்? காத்திருப்பவளின் வேலையை இன்னொருவர் தன் பெயரில் சொல்லிவிட்டுப் போய்விடுவார், அதை நான் கண்ணால் பார்த்து, கையால் கோத்தும் கொடுத்துவிட்டேன். உள்ளதைச் சொல். உள்ளதற்கு மேல் சொல்லாதே, அது உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சொன்ன பிறகு கேட்க வருகிறவர்களுக்கு முன்னால் நில். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நேற்று தரகர் வந்தார். உன் அப்பாவும் ஊருக்கு வந்து வீட்டில்தான் இருக்கிறார். தரகருக்கு ஒரே சந்தோஷம். அவர்களுக்குச் சம்மதமாம். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். அண்ணன் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பொண்ணு கொஞ்சம் அடக்கமாக இருந்தால் போதும், வேலையை விட்டுவிட வேண்டும், நாலு பேர் முன்னால் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது. உன் அத்தை பக்கத்தில் இருந்து, இதுக்கு மேல என்ன வேணும், சரின்னு சொல்லிருங்க என்று கையைப் பிசைந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா பேசிவிட்டார். அவர் பேசி நீ எத்தனை தடவை கேட்டிருப்பாய்? சட்டையை மாட்டிக்கொண்டே, தரகரைப் பார்க்காமல் சொன்னார்.

"எம் பொண்ணு பாக்கற வேலைய அதுதான் சொல்லணும். அதைக் கேக்க முடியாதவங்க வூட்டுக்கு அது போவ வேணாம்னு சொல்லிருங்க."

தரகர் என்னைப் பார்த்தார். நானும் அதேதான் என்றேன். பையனாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன், அவனிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை என்றேன். அத்தை அழுதுகொண்டே போனாள். போகட்டும். ஊரில் பேசுவார்கள். பேசட்டும், நான் இருக்கிறேன் பதில் சொல்ல.

உன்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டோமே என்று உனக்கு வருத்தம் இருந்தால் எழுது. அந்தப் பையனை உனக்குப் பிடித்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுது, திரும்பப் போய்ப் பேச எனக்குத் தயக்கமில்லை, ஆனால் அந்த அண்ணன் சொன்ன வார்த்தையை அவர் நம் வீட்டுக்கு வந்து எல்லோர் முன்னாலும் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகுதான். இன்னொரு இடம் வந்தால், அன்று போலவே காபியைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே உன் பெயரையும் உன் வேலையையும் நீயே சொல். அத்தையை நான் அடுப்படியில் பிடித்து வைத்துக்கொள்கிறேன்.

அம்மா